சிட்னிக்கு வந்த கோனார் உரை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இங்கே ஆகஸ்ட், ட்ரையல் பரீட்சைக் காலம். ஹோம்புஷ், வென்ட்வொர்த்வில் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். வெளியே பெற்றவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான்.

நியூ சவுத் வேல்ஸ் ஹெச்.எஸ்.சி.யில் கணக்கைக்கூட விட்டுவிடலாம், ஆங்கிலத்தை விட முடியாது. கட்டாயப் பாடம் அது ஒன்றுதான். பல்கலைக்கழக இடத்துக்கான ஏட்டார் கணக்கிலும் அதன் இரண்டு யூனிட் கண்டிப்பாகச் சேரும். நம்மவர் வீடுகளில் ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்டு' நிலை என்ற பேச்சுக்கே இடமில்லை, 'அட்வான்ஸ்டு'தான். ஆகவே டாக்டராகப் போகிற பிள்ளையும் ஷேக்ஸ்பியரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதற்கு டியூஷன். அங்கே ஒரு கட்டுரையைத் தயார்செய்து வரிக்கு வரி உருப்போட வைக்கிறார்கள். நாம் கோனார் உரையை விழுங்கிய அதே வித்தை. கேள்வி போடுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அந்தக் கட்டுரை உட்காராதபடி கேள்வியைத் திருகிவிடுகிறார்கள். முதல் தாளில் முன்பின் பார்க்காத பகுதிகள் வேறு. இரண்டாம் தாளில் இரண்டு மணி நேரத்தில் மூன்று விடை.

ஆனாலும் உருப்போடுவதை நான் கேலி செய்யமாட்டேன். புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது, மேற்கோள் இல்லாத கட்டுரையும் எடுபடாது. உருப்போட வேண்டியது ஷேக்ஸ்பியரை. இவர்கள் உருப்போடுவது டியூஷன் வாத்தியாரை.

எனக்குப் பிடித்தது 'டெக்ஸ்சுவல் கான்வர்சேஷன்ஸ்' என்ற பகுதி. பழைய படைப்பு ஒன்றையும் அதை எடுத்து மறுபடி எழுதிய புதியது ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மகளுக்கு 'தி டெம்பெஸ்ட்' நாடகமும், மார்கரெட் அட்வுட் 2016இல் எழுதிய 'ஹேக்-சீட்' நாவலும். நாட்டைப் பறிகொடுத்த பிராஸ்பெரோ, அட்வுட்டிடம் வேலையைப் பறிகொடுத்த நாடக இயக்குநர் ஃபீலிக்ஸ் ஆகிறான். கனடாவில் ஒரு சிறையில் கைதிகளை வைத்து அதே நாடகத்தைப் போடுகிறான். அவன் வகுப்பில் கைதிகள் யாரும் யாரையும் திட்டலாம், ஆனால் அந்த நாடகத்தில் உள்ள வசவுகளால் மட்டுமே! கொஞ்ச நாள் எங்கள் வீட்டிலும் அந்த வசவுதான்.

மகள் கட்டுரையில் 'அட்வுட் கதையை நவீனப்படுத்தியிருக்கிறார்' என்று ஒரு வரி. டியூஷன் வாசனை! புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தைச் சொன்னேன். கம்பனில் ராமன் கால்தூசி பட்டு எழுந்து கௌதமனோடு சேர்கிறாள் அகலிகை. புதுமைப்பித்தன் அதற்கப்புறமும் கதையைத் தொடர்கிறார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதை அவள் வாயாலேயே கேட்ட பிறகு அகலிகை மறுபடி கல்லாகிறாள். "புதுமைப்பித்தன் கம்பனைக் கேள்வி கேட்கிறார். அட்வுட் ஷேக்ஸ்பியரிடம் என்ன கேட்கிறார்?" என்றேன்.

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பிராஸ்பெரோ தன் ஏவல் ஆவி ஏரியலை விட்டுவிடுவது சுலபம்ப்பா. ஃபீலிக்ஸ் விட வேண்டியது செத்துப்போன மகளை. சிறையில் இருப்பது யார் என்று கேட்கிறார்."

பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதினாள். அகலிகையையும் சேர்க்கட்டுமா என்றாள். கேட்பது அந்த இரண்டு நூல்களைப் பற்றி மட்டும்தான், வேண்டாம் என்றேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். புதுமைப்பித்தன் சிறுகதைத் தொகுதி ஒன்று வாங்கி வையுங்கள் அண்ணாச்சி. அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.