அடக்க விலை

பினாங்குக்கு வந்து மூன்றாவது வருடம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை, அதாவது எழுத்தர். ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் மேலாளர் என் பெயருக்கு நேரே 'மாடஸ்ட்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு அடக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அடக்கமான பிள்ளை என்று பெயர் எடுக்கத்தானே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள்? அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். சம்பள உயர்வுப் பட்டியல் வந்த பிறகுதான் விளங்கியது. அவர் குறித்தது என் குணத்தை அல்ல, வேலையை. சுமாரான வேலை, அவ்வளவுதான்.

அந்த வலி ஆறப் பல மாதம் பிடித்தது. நான் சரிசெய்த கணக்கை இன்னொருவர் தன் பெயரில் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வாய் திறக்காமல் இருந்தவன் நான். அதைத்தான் அடக்கம் என்று நம்பியிருந்தேன்.

மனம் விட்டுச் சொன்னது ஒரு மாமாவிடம். ராமநாதபுரத்துக்காரர், தொங்கான் படகுகளில் மூட்டை வந்த காலத்தில் வெல்ட் கீ கரையில் தண்டலாக இருந்தவர். சூலியா தெருப் பக்கம் ஒரு நாசி கந்தர் கடையில் உட்கார்ந்திருந்தோம். காவடித்தண்டில் சோறும் குழம்பும் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தந்த சாப்பாடு அது. கந்தர் என்பது மலாயில் அந்தத் தண்டின் பெயர். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே கயிறு அறுத்த தழும்பு வெள்ளையாக ஓடியது.

"தம்பி, வலைக்குள்ள எத்தனை மூட்டைன்னு கயிறுதான் சொல்லும். ஒண்ணு கூடுனா அறுந்து விழும், கீழ நிக்கிறவன் போயிருவான். ரெண்டு குறைஞ்சா கப்பல் ஒரு நாள் கூட நிக்கும். குறைச்சு ஏத்துறவன நாங்க அடக்கமானவன்னு சொன்னதே இல்ல."

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'மோடுஸ்' என்றால் லத்தீனில் அளவு. அதிலிருந்து 'மொதெஸ்துஸ்', அளவறிந்து நடப்பவன். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்து மாடஸ்ட் ஆகியிருக்கிறது. நாங்கள் நாள் முழுக்கப் பட்டியல் எழுதும் சரக்குக்குக் 'கமாடிட்டி' என்கிறார்களே, அதற்கும் வேர் அதே மோடுஸ்தான். பணிவுக்கு 'ஹம்பிள்' என்று இன்னொரு சொல் உண்டு. அது மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' வழி வந்தது. தரையோடு தரையாகத் தாழ்ந்திருப்பது. நான் செய்துவந்தது இது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே இறங்கி, தோட்டத்துத் துரை முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற தலைமுறைகள் நமக்கு விட்டுப்போன பழக்கமும் இதுதான். அவர்களுக்கு வேறு வழியில்லை. எனக்கு இருந்தது.

அடக்கம் வேறு, தாழ்ந்து கிடப்பது வேறு என்பதில் தமிழ் தெளிவாகவே இருக்கிறது. வள்ளுவர் அடக்கமுடைமைக்குப் பத்துக் குறள் எழுதினார். அவற்றில் ஒன்றில் அடங்கியவனின் தோற்றத்தை மலையைவிடப் பெரிது என்றார். எங்கள் அலுவலகச் சன்னலில் கொடிமலை தெரியும், 800 மீட்டருக்கு மேல் உயரம். அது தரையில் படுத்துக் கிடக்கவில்லை. வியாபாரிகள் பேச்சில் அடக்க விலை என்றால் ஒரு பொருள் கடைக்கு வந்து சேர ஆன மொத்தச் செலவு. அதற்குக் கீழே விற்றால் நட்டம்.

மாடஸ்ட் என்று சொல்லும் இடத்தில் மலாய்க்காரர்கள் 'செடர்ஹானா' என்பார்கள், எளிமை, நடுத்தரம். சமஸ்கிருத 'சாதாரண'தான் அப்படி உருமாறியிருக்கிறது. நாமும் அதே சொல்லைச் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் 'சாதாரண ஆள்' என்று நாம் சொல்லும்போது கை கீழே இறங்குகிறது. செடர்ஹானா என்று பாராட்டும் மலாய்க் குரலில் அந்த இறக்கத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு மதிப்பீட்டில், சொந்த வேலையைப் பற்றி எழுதும் கட்டத்தில், வழக்கமாக எழுதும் 'என்னால் முடிந்ததைச் செய்தேன்' என்ற வரியை விட்டேன். எத்தனை கப்பலுக்குப் பட்டியல் முடித்தேன், எத்தனை கணக்கைத் திருத்தினேன் என்று மாதவாரியாக எண்ணி எழுதினேன். மார்ச் மாதத்துக்கு நேரே, பட்டியலில் நான் விட்டுவிட்ட இரண்டு பெட்டகங்களையும் எழுதினேன்.