முகவரி மாற்றம்

நம் கல்லூரியின் பழைய மாணாக்கர்க்கென இணையப் பதிவேடு ஒன்றினை யான் ஓய்வு வேளைகளிற் பேணி வருகின்றேன். பயனரின் நுழைவைச் சரிபார்க்கும் பணியை அதில் சூப்பாபேஸ் என்னுங் கருவி செய்கின்றது. ஒருநாள், பணியினின்றும் ஓய்வு பெற்ற என் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பழைய மின்னஞ்சல் வேலையோடு போயிற்று, புதியதைப் பதிந்து தரவேண்டும்" என்றார். எளிய வேலையென்றே எண்ணினேன்.

பயனர் தாமே உள்நுழைந்து, தமக்குரிய டோக்கனுடன் ஏபிஐ வாயிலாகப் புது முகவரியை விடுத்தால், சர்வர் அதனை உடனே ஏற்பதில்லை. இயல்பான அமைப்பில், பழைய முகவரிக்கும் புதியதற்கும் தனித்தனியே மடல் விடுத்து, இரண்டினின்றும் இசைவு பெற்ற பின்னரே மாற்றும். திறந்து கிடக்குங் கணினியில் அமர்ந்து பிறனொருவன் கணக்கைக் கவர்ந்து செல்லாதிருத்தற்கே இக்காவல். ஆயினும், பழைய பெட்டியையே இழந்த என் ஆசிரியர் போன்றார்க்கு அக்காவலே அடைத்த கதவாகிவிடுகின்றது. அத்தகையோர்க்கு நிருவாகியின் வழி உண்டு. சர்வீஸ் ரோல் சாவியைக் காட்டிப் பயனரின் அடையாள எண்ணைச் சுட்டினால், ஒருவரையும் வினவாது முகவரி அக்கணமே மாறும். அடையாள எண் மாறாமையால் அவருடைய பதிவுகள் யாவும் இருந்தவாறே இருக்கும்.

அவ்வழியே சென்றேன். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் வரைவோருள், தகரத்திற்கு 'டி' மட்டும் இடுவாரும் உளர். 'எச்' சேர்ப்பாரும் உளர். வருகைப் பதிவேட்டைப் புரட்டிய எவர்க்கும் இது புதிதன்று. ஆசிரியர் 'எச்' உடையவர். யான் அதனை விட்டுவிட்டேன். விட்டதோடமையாது, கடவுச்சொல் அமைக்கும் மடலையும் அம்முகவரிக்கே அனுப்பினேன்.

மாலையில் அவர் அழைத்து, "மடல் வரவில்லையே" என்றார். பதிவைத் திறந்து நோக்கினேன். இறுதியாக உள்நுழைந்த நேரம் அன்று நண்பகல் எனக் காட்டிற்று. நுழைந்தவர் அவரல்லர். நம்மை நம்பி மாணவியர் பலர் எழுதிய வீட்டு முகவரிகளும் தொலைபேசி எண்களும் அப்பதிவேட்டில் உள்ளன. கை நடுங்கக் கணக்கை முடக்கினேன். எனினும், முன்னரே வழங்கிய டோக்கன் இயல்பாக 3600 வினாடி உயிரோடிருக்கும். அது தீருமட்டும் கடிகாரத்தையே நோக்கியிருந்தேன். அதனினும் நீண்ட ஒரு மணியை யான் கண்டதில்லை.

அன்றிரவே பதிவேட்டிலுள்ளார் அனைவர்க்கும் நிகழ்ந்ததை எழுதினேன். "எழுத்துக் கூட்டிச் சொல்லாதது என் பிழையப்பா" என்றார் ஆசிரியர். அதனை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஏபிஐயும் பிழை செய்திலது, சொன்னதையே செய்தது.

மறுநாள், முகவரியை மாற்றுமுன், அவர் எழுத்துக் கூட்டிச் சொன்ன புது முகவரிக்கு ஆறிலக்க எண்ணொன்றை வெறும் மடலாக அனுப்பிவிட்டுத் தொலைபேசியிற் காத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, அவர் ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திப் படித்தார். ஆறாவதும் ஒத்த பின்னரே பொத்தானை அழுத்தினேன்.