ஊசுடு ஏரிக்கு வரும் விருந்தாளிகள்

திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில், நபி சுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்ட நிகழ்ச்சி கூறப்படுகிறது. ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அணியணியாகத் திரட்டப்பட்ட பேரரசு அது. அத்தனை கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு பறவை வரவில்லை என்பதை அந்த நபி கண்டுகொண்டார்கள். ஹுத்ஹுதைக் காணோமே என்று வினவினார்கள்.

ஹுத்ஹுத் ஸபஃ நாட்டிலிருந்து கொண்டுவந்த செய்தியை நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். அச்செய்திக்கு முந்திய அந்தக் கேள்வியும் சிந்தனைக்குரியது. ஒரு பறவை இல்லை என்று அறிய வேண்டுமாயின், இருக்கின்ற பறவைகளை அறிந்திருக்க வேண்டும் அன்றோ? நம் வீட்டு முற்றத்திலிருந்தும் ஊர் ஏரியிலிருந்தும் எந்தப் பறவை மறைந்துபோயிற்று என்று கேட்டால், நம்முள் எத்தனை பேரால் விடை கூற இயலும்?

ஹுத்ஹுதைத் தமிழில் கொண்டலாத்தி என்பர். தலையில் விசிறி போன்ற கொண்டையும், நீண்டு வளைந்த அலகும், கருப்பு வெள்ளை வரியிட்ட சிறகுகளும் உடையது. புல்தரையில் நடந்து நடந்து மண்ணைக் குத்திப் புழு தேடும். புதுவையின் புறநகர்த் திடல்களில் இன்றும் அதைக் காணலாம். எனினும் அதன் பெயரை நாள்தோறும் ஓதும் மாணவர் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. இக்குறை தீரவே, மழை ஓய்ந்த மார்கழி மாதங்களில் மதரஸா மாணவர்களுடன் பறவை காணப் புறப்படுவது எங்கள் வழக்கமாயிற்று. நீர்நிலை, செம்மண் வெளி, மரச்செறிவு என்னும் மூவகை நிலமும் புதுவைக்கு அருகருகே அமைந்திருப்பது அல்லாஹ் இவ்வூருக்கு அளித்த அருட்கொடையாகும்.

ஏரிக்கரையில் ஒரு காலை

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஊசுடு ஏரி. புதுவையின் மிகப் பெரிய நன்னீர் நிலை இதுவே. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புடைய இவ்வேரியின் ஒரு பாதி புதுவைக்கும் மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் உரியது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இங்கு வந்து சேருகிறது. புதுவை அரசு தன் பகுதியை 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாட்டு அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. மனிதர் வகுத்த எல்லைக்கோடு நீருக்கு நடுவே செல்கிறது. பறவைகளுக்கோ அக்கோடு தெரிவதில்லை.

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்டால், பொழுது விடியும்போது கரையில் நிற்கலாம். முதலில் பனிமூட்டத்தினுள் ஓசைதான் கேட்கும். சற்று வெளிச்சம் பரவியதும், கரிய புள்ளிகளாகத் தெரிந்தவை நாமக்கோழிகள் என்பது புலப்படும். நெற்றியில் வெண்ணிறப் பட்டை தீட்டியது போன்றிருப்பதால் இப்பெயர். அவற்றினூடே முக்குளிப்பான் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலை நீட்டும். தாமரை இலைமீது நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் இலைக்கோழி. கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி, பாம்பு நீந்துவது போல் தோன்றும் பாம்புத்தாரா. மூழ்கி எழுந்த நீர்க்காகம் பட்ட மரக்கிளையில் சிறகு விரித்து ஈரம் உலர்த்தும்.

ஏரியின் நடுவில் கூட்டமாக மிதப்பவை தொலைதூர விருந்தாளிகள். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா ஆகிய குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்து, பனிக்காலம் தொடங்குமுன் தெற்கே பறந்து வருகின்றன. வரைபடமோ வழிகாட்டியோ இன்றி வருகின்றன. வானவெளியில் பறவைகளைத் தாங்கி நிறுத்துபவன் அளவற்ற அருளாளனே என்று 67ஆம் அத்தியாயம் உணர்த்துவதை இக்கரையில் நின்று சிந்திப்பவர் நெஞ்சு நெகிழாமல் இராது.

ஏரியின் நீர்மட்டத்துக்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பையும் கவனிக்க வேண்டும். ஏரி நிறைந்திருக்கையில் நீந்தும் வாத்துகளும் மூழ்கி மீன் பிடிக்கும் பறவைகளும் மிகுதி. தை, மாசியில் நீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கியதும், நடந்து இரை தேடும் நாரைகளும் உள்ளான்களும் வந்து சேருகின்றன. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தேடும்; கரண்டிவாயன் அலகை இருபுறமும் வீசிச் சேற்றுநீரைத் துழாவும். ஒரே ஏரியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆழத்தில் உணவு வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை.

மாணவர் கேட்ட கேள்வி

இவ்வாறு பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் சிறுவன் ஒருவன், “ஹஸ்ரத், இந்த வாத்தைப் பிடித்து அறுத்தால் ஹலால்தானே?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்து ஒதுக்க வேண்டிய கேள்வி அன்று.

வாத்து இனம் உண்பதற்கு ஆகுமானதே. கூரிய நகங்களால் இரையைப் பற்றிக் கிழிக்கும் பறவைகளே நபிமொழியில் தடுக்கப்பட்டவை. உணவுக்காக வேட்டையாடுவதையும் மார்க்கம் பொதுவாக அனுமதித்துள்ளது. ஆயினும் ஆகுமான உயிரினம் என்பது வேறு. அது நம் கைக்கு வந்து சேரும் வழி வேறு. சாலையோரத்தில் இறகு உரித்து விற்கப்படும் காட்டுப் பறவையை எண்ணிப் பாருங்கள். அது கண்ணியில் சிக்கிச் செத்ததா, நஞ்சு தடவிய தானியத்தைத் தின்று மடிந்ததா, அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கப்பட்டதா என்று வாங்குபவர் எங்ஙனம் அறிவார்? தானாகச் செத்தது நமக்கு விலக்கப்பட்டதன்றோ? மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மீறி, ஐயத்துக்கிடமான இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது பேணுதலுடைய குடும்பத்துக்கு அழகாகுமா? வாங்குவோர் இருக்கும்வரை கண்ணி வைப்போரும் இருப்பார்கள். எனவே இந்த ஏரியின் காவல் நம் அடுக்களையிலிருந்தே தொடங்குகிறது.

இதே போன்ற ஒரு கேள்வியிலிருந்து பெரும் வாழ்வொன்று மலர்ந்தது. 1896இல் மும்பையில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்த சாலிம் அலீ, சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான குருவியாகத் தோன்றாததால், முஸ்லிம் இதை உண்ணலாமா என்று ஐயுற்று மாமாவிடம் கொண்டுபோனார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு, பதம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் 1987இல் அவர் மறையும்வரை தணியவில்லை. 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல தலைமுறையினரைப் பறவை காண வைத்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். கோவையில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிள்ளைகள் கேட்கும் கேள்வியை அடக்காமல், அறிந்தவரிடம் அனுப்பி வைத்த அந்த மாமாவை நம் குடும்பத்துப் பெரியவர்கள் நினைவிற்கொள்வார்களாக!

புதுவையின் பெயர் தாங்கிய பறவைகள்

ஏரிக்கு வடக்கே பூத்துறைப் பக்கம் சென்றால் நிலம் செந்நிறமாகிறது. மழைநீர் அரித்த ஓடைகளும், முட்புதர்களும், பனைகளும் நிறைந்த வெளி. ஆளைக் கண்டதும் கத்தி ஊரை எழுப்பும் ஆட்காட்டி இங்குண்டு. கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை எழுந்து பறந்தவுடன் நீலச் சிறகு பளிச்சிடும். காலையிளம் வெயிலில் புதருக்குள்ளிருந்து உரத்துக் கூவுவது கவுதாரி.

இந்தக் கவுதாரிக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவுண்டு. பிரெஞ்சுக்காரரான பியேர் சொன்னரா புதுவையில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர். இந்தியாவிலும் சீனத்திலும் தாம் கண்டவற்றை 1782இல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1789இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் உலகப் பறவைகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டியபோது, கவுதாரிக்கும் காட்டுக் கீச்சானுக்கும் ‘பாண்டிசேரியானுஸ்’ என்ற பெயரை அளித்தார். உலகின் எந்த நாட்டு நூலகத்தில் அவற்றைத் தேடினாலும் நம் ஊர்ப் பெயரால்தான் காண முடியும். தென்னிந்தியக் காட்டுக்கோழி சொன்னராவின் பெயரையே தாங்குகிறது.

வட இந்திய முஸ்லிம்கள், கவுதாரியின் உறவான கருங்கவுதாரியின் கூவலை “சுப்ஹான் தேரி குத்ரத்” என்று இறைவனின் ஆற்றலைப் புகழ்வதாகக் கேட்பார்கள். எங்கள் மாணவர் கவுதாரியின் கூவலைக் கேட்டு ஆளுக்கொரு சொல்லைப் பொருத்திப் பார்த்தனர், முடிவு எட்டப்படவில்லை! காட்டுக் கீச்சான், பெயரில் கீச்சானாயினும் உண்மையான கீச்சான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. உண்மையான கீச்சானை அரபு மொழியில் ‘ஸுரத்’ என்பர். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கையும் கொல்லலாகாது என்னும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. குளிர்காலத்தில் வரும் பழுப்புக் கீச்சான் முள்மர உச்சியில் அமர்ந்திருப்பதைக் காட்டி இந்த ஹதீஸைச் சொன்னபோது, பாடம் மாணவர் உள்ளத்தில் எளிதில் பதிந்தது.

ஆறுமணிக் குருவி

மரச்செறிவு காண வெகுதூரம் போக வேண்டுவதில்லை. 1826இல் பிரெஞ்சு ஆட்சியினர் நகரின் தென்பகுதியில் அமைத்த தாவரவியல் பூங்கா, பல தலைமுறைப் பறவைகளுக்கு இருப்பிடமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஊரார், தங்கள் கோயிலைச் சூழ்ந்த காட்டைக் காலங்காலமாக வெட்டாமல் காத்து வந்துள்ளனர். இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய சிறு துண்டுகளுள் அதுவும் ஒன்று. பிற சமயச் சகோதரர் காத்த அம்மரங்களின் பயனைப் பறவைகள் வழியாக நாமும் பெறுகிறோம்.

இத்தகைய நிழலில்தான் ஆறுமணிக் குருவி தங்குகிறது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பல வண்ணம் கொண்ட குட்டைவால் பறவை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, இரவில் பயணம் செய்து, ஐப்பசி வாக்கில் இங்கு வந்து சேரும். களைத்து வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பதும் உண்டு. அவ்வேளையில் அதைக் கூண்டில் அடைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருளில் அமைதியாக வைத்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதாலேயே அதற்கு இப்பெயர் வந்தது.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் நகரின் பெருமரங்கள் பலவற்றைச் சாய்த்தது. ஒரு மரம் விழுந்தால் எத்தனை கூடுகள் விழுகின்றன! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டால் அதுவும் அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை அறியாதார் யார்? கொல்லையில் ஒரு வேம்பும் ஒரு நாவலும் நட இடமுள்ளவர்கள் தாமதிக்க வேண்டா.

கழுவெளி

ஒரு நாள் முழுதும் ஒதுக்க முடிந்தவர்கள், வடக்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிக்குச் செல்லலாம். கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பரந்த உவர்நீர் நிலம் அது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். கூழைக்கடாக்கள் அணிவகுத்து மீன் பிடிப்பதையும், பூநாரைகள் தலைகீழாக அலகை ஆழ்த்தி இரை வடிகட்டுவதையும் அங்கே காணும் பேறு கிடைக்கலாம்.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தன்னார்வலர்கள் கரையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். எந்த ஏரியில் எது குறைந்தது என்று அக்கணக்கு காட்டிக்கொடுக்கிறது. குப்பையும் கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் நீர்நிலைகளைச் சுருக்கிவரும் இக்காலத்தில், ‘காணோமே’ என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். நம் பிள்ளைகளும் அவ்வரிசையில் நிற்கட்டும். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று 6ஆம் அத்தியாயம் அறிவித்திருக்க, அண்டைச் சமுதாயத்தின் நலம் விசாரிப்பது நம் கடமையன்றோ?

செல்வோர் கவனிக்க

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். மங்கிய நிற உடை நன்று. ஒரு தொலைநோக்கியைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள். கல்லெறியவோ கூச்சலிடவோ கூடாது. கூட்டை நெருங்கவும் கூடாது. பயணத்தில் ஒரு தாய்ப்பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டபோது, அது பதைத்துச் சிறகடிப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்த நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன்பே சொல்லிவையுங்கள். கொண்டுபோன நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

மாலை வரை தங்குவோர் கரையிலேயே பாய் விரித்து அஸர் தொழலாம். பின்னர் மேற்கு வானம் சிவக்கும். காலையில் ஒட்டிய வயிற்றோடு போன பறவைகள் நிறைந்த வயிற்றோடு கூட்டம் கூட்டமாகத் திரும்பும். முறைப்படி அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுவோர்க்கு அப்பறவைகளையே உவமையாகக் காட்டினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவற்றுக்கு உணவளிப்பவன் அவனே. அவ்வுணவு விளையும் ஏரியை நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்திருப்பவனும் அவனே. அந்த அமானிதத்தைக் குறைவின்றி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் நல்லருளை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக!