அம்மாயி படம் ஏன் இருட்டா வந்துச்சு?

ஓகஸ்ட்ல பெரஹரா முடிஞ்ச கையோட, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்க மூணு பேரும் ஹந்தானைக்கு ஏறினோம். கண்டி டவுன்ல இருந்து கொஞ்ச நேரப் பயணம்தான். தேயிலை மியூசியத்தைத் தாண்டிப் போனா, எங்கள்ல ஒருத்தியோட அம்மாயி இருக்கிற லயம். வருஷக்கணக்கா கொழுந்து பறிச்சவங்க. அடையாள அட்டையில இருக்கிறதைத் தவிர அவங்களுக்குன்னு ஒரு படம்கூட கிடையாது. அதை எடுக்கத்தான் போனோம்.

அம்மாயி நல்ல சேலையா எடுத்துக் கட்டிட்டு வாசல்ல வந்து நின்னாங்க. பின்னால மலை முழுக்க வெள்ளை வெளேர்னு பனிமூட்டம். இருபது படம் எடுத்திருப்போம். திரையில பார்த்தா பனிமூட்டம் சாம்பலா இருக்கு, அம்மாயி முகம் இருந்த இடத்தில ஒரு கறுப்பு நிழல்தான். காட்டினோம். ஒரு நிமிசம் பார்த்தாங்க.

"எம் மூஞ்சியே கறுப்புதானே புள்ள. அதுக்கு கமரா என்ன பண்ணும்? அழிச்சிரு."

அந்தப் பேச்சு எங்களுக்கு என்னமோ செஞ்சிது. பிழை யார்ல என்று கண்டுபிடிக்காம இறங்குறதில்லைன்னு அங்கேயே உட்கார்ந்தோம்.

முதல் பிழை எங்களோடது. பெரஹரா இரவுல கமராவுக்கு முன்னால பெரும்பகுதி இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து கமரா தானாவே வெளிச்சத்தைக் கூட்டும். தீப்பந்தமும் யானை மேல இருக்கிற பல்புகளும் வெறும் வெள்ளைப் பொட்டா எரிஞ்சு போகும். அதனால எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை −1 ல வச்சு எடுத்தோம். கமராவை நிறுத்தினாலும் அந்த எண் அப்படியே நிக்கும். −1 என்றா வெளிச்சம் பாதியா குறையும். அதைத் திருப்பி 0 க்குக் கொண்டு வர மறந்துட்டோம்.

சரி, 0 ஆக்கி எடுத்தோம். கொஞ்சம் தெளிஞ்சிது, ஆனாலும் முகம் இருட்டுத்தான். இரண்டாவது காரணம் பனிமூட்டம். கமராவோட மீட்டருக்கு எது பனி, எது முகம்னு தெரியாது. தனக்கு முன்னால இருக்கிறது மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு வச்சுக்கிட்டுத்தான் அது கணக்குப் போடும். போட்டோகிராபி படிக்கிறவங்க கையில வச்சிருக்கிற சாம்பல் அட்டை, தன் மேல விழுற வெளிச்சத்தில 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பனிமூட்டம் அதைவிட எவ்வளவோ வெளிச்சம். மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும்போது, முன்னால நிக்கிறவங்க சேர்ந்து கறுத்துப் போறாங்க. பெரஹராவில நடந்ததுக்கு நேர் எதிர்.

ஆக, பனியிலயும் வெள்ளை வானத்துக்கு முன்னாலயும் +1 இல்லாட்டி அதுக்கும் மேல வைக்கணும். இல்லாட்டி ஸ்பொட் மீட்டரிங்கில போட்டு முகத்தை மட்டும் அளக்கணும். ஆனா கறுத்த முகத்தை மட்டும் அளந்தா கமரா அதையும் சாம்பலாக்கப் பார்த்து, இருக்கிறதைவிட வெளுப்பா காட்டும். அப்ப கொஞ்சம் குறைக்கணும். திரையை நம்ப வேண்டாம், வெயில்ல அது ஏமாத்தும். ஹிஸ்டோகிராமைப் பாருங்க. கோடெல்லாம் இடப்பக்கச் சுவரில போய் முட்டி நின்னா படம் இருட்டு. ரோ ஃபைலா எடுத்தா பிறகு கொஞ்சம் மீட்கலாம். ஆனா நிழலை இழுத்து வெளிச்சமாக்கும்போது புள்ளி புள்ளியா இரைச்சல் வரும்.

மீட்டருக்கு யார் மேலயும் கோபம் கிடையாது, அது கணக்கு. ஆனா படத்தில எந்த முகம் 'சரியான' முகம்னு முடிவெடுத்தது மனுசங்க. ஃபில்ம் காலத்தில கலர் சரியா வருதான்னு பார்க்க லேப்களுக்கு கோடாக் அனுப்பின அட்டையில வருசக்கணக்கா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம்தான் இருந்துச்சு. 'ஷேர்லி அட்டை'ன்னு அதுக்குப் பேர். அவங்க தோலுக்குப் பொருந்தினது மத்தவங்களுக்குப் பொருந்தல்ல. கறுப்பின மக்களோட முகம் விபரம் இல்லாம வந்ததை விட, சொக்லட் கம்பனியும் மரத் தளபாடக் கம்பனியும் தங்க பொருள் சரியா விழல்லன்னு சொன்ன முறைப்பாடு ஃபில்மை மாத்த உதவினதா எழுதியிருக்காங்க. அந்தக் காலத்தில தன் படத்தைப் பார்த்து "நாந்தான் கறுப்பு"ன்னு நினைச்சவங்க எத்தனை பேரோ.

அம்மாயியை வாசல்ல இருந்து உள்பக்கமாத் திருப்பி, பனி பின்னால வராம, கதவால வர்ற வெளிச்சம் முகத்தில விழுற மாதிரி உட்கார வச்சோம். ஸ்பொட்டில கன்னத்தை அளந்து, அரை ஸ்டொப் குறைச்சு எடுத்தோம். மூக்குத்தி மினுங்கிச்சு. கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரிஞ்சிது. முகம் கறுப்புத்தான், அவங்க கறுப்பு.

அம்மாயி கமராவை இரண்டு கையாலயும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இது எங்க அம்மா மாதிரியே இருக்கு."

அவங்க அம்மாவுக்குப் படமே இல்லையாம். பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டு வரச் சொன்னாங்க. அடுத்த ஞாயிறு திரும்ப ஏறுறோம்.