அப்பத்தாவின் கண்ணும் 24 அலாரமும்

போன அறுவடை சமயம். களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவின் வலது கண்ணில் ஒரு நெல் தெறித்துப் பட்டிருக்கிறது. 'தூசிதான், தானா போயிரும்' என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடச் சொல்ல, அதுவும் நடந்திருக்கிறது. மூன்றாம் நாள் நான் ஊருக்குப் போனபோது கண் ரத்தச் சிவப்பு. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

மதுரைக்கு ஓடினோம். புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதித்த டாக்டர், "பாக்டீரியா தொற்று. கருவிழிப் புண்" என்றார். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "முதல் 2 நாள் மணிக்கு ஒரு தடவை. ராத்திரியும்தான். ஒரு தடவைகூடத் தவறக் கூடாது."

போனில் 24 அலாரம் வைத்தேன். முதல் ராத்திரி சமாளித்துவிட்டேன். சீக்கிரம் குணமாகட்டுமே என்று சில சமயம் இரண்டு சொட்டு விட்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. "தொண்டையில கசக்குது தாயி" என்றார் அப்பத்தா. கண்ணுக்கு விட்ட மருந்து தொண்டையில் எப்படிக் கசக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாம் ராத்திரி 3 மணி அலாரத்தை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது மணி 5. அப்பத்தா விழித்தபடி படுத்திருந்தார். "அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரல." எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "ஏன் டாக்டர், மணிக்கு ஒரு தடவை விட்டே ஆகணுமா?" என்றும் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். இமைக்காமல் இருந்தால்கூட 30-க்கு மேல் தாங்காது. மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் கண் ஓரத்தில் இருக்கும் துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். உள்ளே இருப்பதையும் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். கண்ணுக்குள் போய்ச் சேருவது 5 சதவிகிதத்துக்கும் குறைவு. அதனால்தான் திரும்பத் திரும்ப விட வேண்டியிருக்கிறது.

"ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி மருந்து கிடையாதா?" என்றேன். "இருக்கு, ஆனா இதுக்கு இன்னும் வரலை" என்றார். ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மியூக்கோஅட்ஹெசிவ் பாலிமர் என்கிறார்கள். கண்ணின் மேற்பரப்பில் மியூசின் என்ற வழவழப்பான படலம் இருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும் பொருள்கள் இவை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அதில் ஒன்று. மியூசினுக்கு எதிர்மின்னூட்டம், கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம். அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன. பாலிகார்போஃபில் என்ற இன்னொரு பாலிமர் சேர்த்த அசித்ரோமைசின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2007-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. முதல் 2 நாள் தினம் 2 தடவை, அடுத்த 5 நாள் தினம் 1 தடவை விட்டால் போதும். ஆனால், அது பாக்டீரியாவால் கண் சிவந்து பீளை தள்ளும் தொற்றுக்கு. அப்பத்தாவுக்கு வந்தது போன்ற புண்ணுக்கு இன்றைக்கும் அலாரம்தான். பாலிமர் கெட்டியானால் பார்வை மங்கும், கண் உறுத்தி நீர் கொட்டும் என்ற சிக்கலும் இருக்கிறது.

அந்த டாக்டர் சொல்லிக்கொடுத்த மூன்று விஷயங்களை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவே 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள். நானாகச் சேர்த்துக்கொண்டது நாலாவது: கண்ணில் அடிபட்டால் தாய்ப்பால், எண்ணெய் எதையும் விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டு, "வாசல் தெரியுது. நீ புகையாத் தெரியுற" என்கிறார் அப்பத்தா. நான் தூங்கிப்போன அந்த நேரத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். தாமதமாக வந்த அந்த 2 நாள்தான் பெரிய காரணம் என்றார். இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த அறுவடைக்கு அப்பத்தாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட்டுக்கொண்டு களத்துக்குப் போனால் ஊரே சிரிக்கிறதாம். சிரிக்கட்டும்.