‘வேண்டாம்’ என்று சொல்லும் வழிகாட்டி

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறைச் சரித்திரத்தைத் துருவி ஆராயும் நம்மவர், கடலுக்குத் தம்மை அழைத்துச் செல்லப்போகும் மனிதரைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்கும் கூச்சப்படுகின்றனர். “கூலி எவ்வளவு?” என்று வினவி, அதிலும் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகின்றனர். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் இவ்விஷயத்தை நாம் சற்று ஆழ்ந்து சிந்திக்க நேர்ந்தது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, நம்மிடம் பயின்று, இன்று அந்நிய நாடொன்றிலே பொறியியலாளராக விளங்கும் மாணவர் ஒருவர் விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தார். தம் தந்தையையும் நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு மூன்று நாள் கடல்மீன் பிடிக்கவேண்டும். அதற்கேற்ற வழிகாட்டியையும் தங்குமிடத்தையும் நாமே பார்த்து வைக்கவேண்டும் என்பது அவருடைய விண்ணப்பம். மரக்கறி உண்ணும் நமக்கு மீன்பிடி ஆலோசகர் பதவி வாய்த்ததை எண்ணி வீட்டார் நகைத்தனர்.

அவர் விரும்பியது சாதாரணத் தூண்டில் அன்று. இறகும் நூலும் கொண்டு கட்டிய போலி இரையை வீசிப் பிடிக்கும் முறை அது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்லும். இதிலோ இரைக்குக் கனமே இல்லை. தடித்த நூலின் கனமே அதனைச் சுமந்து செல்லவேண்டும். ஆகவே காற்றே இதற்கு முதற்பகை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளிலே ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டு, இம்முறையில் பிடித்து மகிழ்ந்தனர். கொழுந்தெடுத்த குடும்பத்துப் பிள்ளை அத்தகைய கோலை ஏந்திக் கடலுக்குச் செல்ல விழைந்தது நமக்கு உவப்பாகவே இருந்தது.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக இறங்கினால் கிழக்கு மாகாணத்துப் பொத்துவிலும் அறுகம்பையும் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது, கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதியாய் இருக்கும். ஆயினும் காலையில் அடங்கியிருக்கும் காற்று பகல் ஏற ஏற வலுக்கும். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் களப்பின் வாயிலே அச்சிறு ஏற்ற இறக்கமே நீரோட்டத்தைத் திருப்பும். ஓட்டத்தோடு சிறுமீன் வர, அதனைத் தேடிப் பாரையும் கொடுவாவும் வரும். இவற்றையெல்லாம் அறிந்தவரே வழிகாட்டி. படகு வைத்திருப்பவரெல்லாம் வழிகாட்டி ஆகார்.

விசாரித்ததில் இருவர் அகப்பட்டனர். முதல்வர் தொலைபேசியிலே, “சேர், நாளொன்றுக்குப் பத்து மீனுக்கு நான் பொறுப்பு. இங்கே கிடைக்காவிட்டால் குமண வனத்துக் களப்புக்குள் கூட்டிப் போகிறேன், யாரும் கேட்கமாட்டார்கள்” என்றார். தேசிய வனத்துக்குள் மீன்பிடிப்பது சட்டவிரோதம். சட்டத்தை மதியாதவர் நம் உயிரை மட்டும் மதிப்பாரோ என்ற ஐயம் எழுந்தது.

இரண்டாமவர் பொத்துவிலைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். நாம் கேள்வி கேட்குமுன் அவர் கேட்டார்: “வருகிறவருக்கு நீந்தத் தெரியுமா? தகப்பனாருக்கு வயது என்ன? தண்ணீரில் இறங்கி நின்று எறிவாரா, படகிலிருந்தா?” மீனைப் பற்றிக் கேட்டபோது, “அது அல்லாஹ் தருவது சேர், நான் வாக்குத் தர இயலாது” என்றார். “எந்த நாளில் போகமாட்டீர்கள், நானா?” என்று வினவியபோதுதான் நீண்ட விடை வந்தது. காற்றின் குறி, களப்பு வாயின் இழுப்பு, முதலை படுக்கும் கரை ஆகிய யாவற்றையும் விரித்துரைத்தார். 2017 செப்டெம்பரில் அறுகம்பைக்கு அருகே நீரோரத்தில் நின்ற இளம் ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் முதலைக்கு இரையானதை நாம் மறக்கவில்லை. அவரையே அமர்த்தினோம்.

தங்குமிடத்துக்கும் இதே அளவுகோலைக் கொண்டோம். அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார் நிறைந்து, நள்ளிரவு வரை இசை முழங்கும் விடுதி நமக்கு ஆகாது, விடியுமுன் எழவேண்டுமல்லவா? நாலரை மணிக்குத் தேநீர் கிடைக்குமா, உப்பேறிய கோலைக் கழுவ நன்னீர் உண்டா, முதியவர் படியேற வேண்டுமா என்று கேட்டோம். இறுதியாக, “இரவிலே கடல் பொங்கினால் மேட்டுக்கு வழி எது?” என்றோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அழித்த கரை அது. களப்போரத்துச் சிறு வீட்டின் உரிமையாளரான அம்மையார் ஒருவர், தயங்காமல் வழியைச் சொன்னார். அறை பேசி முடிந்தது.

இரண்டாம் நாட் காலை. களப்பின் வாயருகே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மாணவர் முழங்காலளவு நீரில் இறங்க முனைந்தார். சேற்றிலே பதிந்திருந்த தடத்தைப் பார்த்த வழிகாட்டி, “வேண்டாம் தம்பி” என்றார். சற்று நேரத்தில் காற்றும் எழவே, படகையும் திருப்பிவிட்டார். “இருப்பதே மூன்று நாள் சேர், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று மாணவர் மனம் வெதும்பினார். அவருடைய தந்தையார் அமைதியாகச் சொன்னார்: “மலையிலே வழுக்கும் கல் எது என்று உனக்கு நான் சொன்னேன். தண்ணீரிலே அவர் சொல்லட்டும்.”

கூலி கொடுக்கும் வேளையில் வழிகாட்டி பாதியே போதுமென்றார். தந்தையார் சம்மதிக்கவில்லை. நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ போடும் தோட்டத்து வழக்கம் அவர் வாழ்நாளெல்லாம் அனுபவித்தது. “போகாத நாளுக்கு அரைப் பேர் போட்டால், நாளைக்கு அவர் போகக்கூடாத நாளிலும் போவார்” என்றார். பட்டம் பெற்ற நமக்கும் தோன்றாத பொருளாதார உண்மை இது. முழுக்கூலியும் கொடுக்கப்பட்டது.

முதலை வந்ததா என்று வாசகர் கேட்கலாம். அன்று நாம் எவரும் முதலையைக் காணவில்லை. நல்ல வழிகாட்டியின் தொழில் இத்தகையது. அவர் தடுத்த தீங்கு கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் படகிலிருந்தபடியே மாணவர் பாரை ஒன்றைப் பிடித்து, தடவிக்கொடுத்து, மீண்டும் நீரில் விட்டார். “விடுவதற்கா இத்தனை செலவு?” என்று தந்தையார் வியக்க, வழிகாட்டியும் வாய்விட்டுச் சிரித்தார்.

விடுமுறையில் கடலுக்கோ ஆற்றுக்கோ புறப்படும் மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: எத்தனை மீன் காட்டுவார் என்று கேளாதீர், எப்போது திரும்புவார் என்று கேளுங்கள். திரும்பும் நாளுக்கும் முழுக்கூலி உண்டென்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்வதனால் ஏழை ஒருவனின் அடுப்பு அணையக்கூடாது. அவன் அச்சமின்றி அதைச் சொல்லும் இடத்திலேதான் நம் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.