62 கிலோமீட்டர், ஆறு நாள், ஒரு முதுகுப்பை



"சார், இந்த வயசுல ஆஸ்திரேலியா காட்டுல நடக்கப் போறீங்களாமே?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். என் அண்ணன் கேட்கவில்லை, திட்டிவிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டார்வினில் இருக்கும் என் மகள் எங்கள் இருவருக்கும் ஜட்புலா நடைபாதையில் வரும் ஜூன் மாதத்துக்கு இடம் பதிவு செய்திருக்கிறாள். டார்வினுக்குத் தெற்கே சுமார் 320 கி.மீ. தொலைவில் கேத்தரின் என்ற ஊர். அதன் பக்கத்தில் நிட்மிலுக் தேசியப் பூங்கா. ஜாவோயின் என்னும் பழங்குடி மக்களின் பூமி அது. நிட்மிலுக் என்றால் அவர்கள் மொழியில் சிள்வண்டின் இடம். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1989-இல் நிலம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. அதற்காகப் பாடுபட்ட மூத்தவர்களில் ஒருவரின் பெயரைத்தான் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் புவியியல் நடத்தியவனுக்கு இது ஒன்றே போதும், கால் அரிக்கிறது!

முதலில் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். பிறகு ஆறு நாள் நடை. பிடில்கோம்ப், கிறிஸ்டல், செவன்டீன் மைல் என்று வரிசையாக அருவிகள். மணற்கல் மேட்டின் விளிம்பிலிருந்து ஓடைகள் இறங்கும் இடங்கள் அவை. ஒவ்வொரு இரவும் தண்ணீர் ஓரத்தில்தான் கூடாரம். கடைசியில் லெலின் அருவி. அங்கே மாப்பிள்ளை காரோடு நிற்பார்.

"திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தவன்தானே நீ, அதே அறுபது கிலோமீட்டர்தானே" என்று என் மைத்துனர் சொல்கிறார். தூரம் ஒன்றுதான். ஆனால் பழனிப் பாதையில் பத்தடிக்கு ஒருவர் மோர் கொடுப்பார், முடியாவிட்டால் பஸ் ஏறலாம். இங்கே கடை இல்லை, போன் எடுக்காது, மரத்திலும் பாறையிலும் அடித்த நீல முக்கோணம்தான் வழிகாட்டி. ஆறு நாள் சாப்பாடும் முதுகில். ஒரு நாளைக்குச் சிலரை மட்டுமே அனுமதிப்பதால் கூட்டமும் இருக்காது.

அங்கே உண்மையான எதிரி முதலை அல்ல, வெயில். ஜூன், ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம். அப்போதும் பகலில் 30 டிகிரி தொடும். அதனால் விடியும்போதே கிளம்பி, உச்சிக்கு முன் முகாம் சேர வேண்டும். நான்காவது முகாமுக்குப் போகும் நாள்தான் நீளம், சுமார் 17 கி.மீ. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும் கருவி ஒன்றையும் மகள் வாங்கிவிட்டாள்.

உணவு அவல், சத்துமாவு, பேரீச்சை, பருப்புப்பொடி. இங்கிருந்து கட்டிக்கொண்டு போகவில்லை. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் உணவுப் பொருள் எது இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், சோதனை கடுமை. எல்லாம் டார்வினிலேயே கிடைக்கும். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.

இனி என் உடம்பு விஷயம். வயது 63, பிரஷர் மாத்திரை உண்டு. என்னிடம் படித்த டாக்டர் ஒருவர் இ.சி.ஜி., டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு, "நடங்க சார், ஆனா சுமையோட பழகுங்க" என்றார். இப்போது வாரம் மூன்று நாள், பையில் அரிசி மூட்டை வைத்து நடக்கிறேன். ஐந்து கிலோவில் தொடங்கி இப்போது ஒன்பது. இலக்கு பன்னிரண்டு.

என் மனைவி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். மே மாதத்துக்குள் பன்னிரண்டு கிலோவோடு, அடுத்தடுத்து மூன்று நாள், தினம் 15 கி.மீ. நடந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் என் இடத்தில் மாப்பிள்ளை போவார். ஒப்புக்கொண்டேன். நான் தளர்ந்தால் அங்கே என் சுமையையும் மகள்தான் தூக்க வேண்டும், அது நியாயமில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்கிறீர்களா? மகள் கடல் தாண்டி எட்டு வருடம் ஆகிறது. வீடியோ காலில் தினமும் பேசுகிறோம், "சாப்டியா, தூங்கினியா" என்பதைத் தாண்டுவதில்லை. போன் எடுக்காத இடத்தில் ஆறு நாள் சேர்ந்து நடக்க அவளாகவே கூப்பிட்டிருக்கிறாள். இன்னும் பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டால் என்னால் போக முடியாது.

அண்ணா, கோபம் வேண்டாம். மே மாதத் தேர்வின் முடிவை இங்கேயே போடுகிறேன். என் மாணவர்களுக்குத் தெரியும், நான் யாருக்கும் கருணை மதிப்பெண் போட்டதில்லை.